நீ இன்னும் போடாத கையெழுத்து

உன் கல்யாணம் முடிந்து இன்றோடு எட்டு மாதமும் பதினோரு நாளும் ஆகின்றன. இந்தக் கணக்கு உனக்குத் தெரிந்திருக்காது. பவித்ராவுக்குத் தெரியும், எனக்குத் தெரியும். சப் ரிஜிஸ்ட்ரார் ஆபீஸுக்குப் போய்க் கல்யாணத்தைப் பதிவு செய்துவிட்டு வா என்று கல்யாணம் முடிந்த மறுவாரமே சொன்னேன். அப்போது லீவு இல்லை என்றாய். அப்புறம் ஆதாரில் பழைய முகவரி இருக்கிறது என்றாய். அதை மாற்றி முடித்ததும் சர்வர் வேலை செய்யவில்லை என்றாய். ஒரு தடவை நானே நாள் வாங்கிக் கொடுத்தேன். அன்று காலையில் டெல்லியிலிருந்து யாரோ வருகிறார்கள் என்று ஓடிவிட்டாய். நேரில் சொன்னால் போனைப் பார்த்துக்கொண்டே "சரிம்மா" என்கிறாய். நான் வாயை மூடுவதற்காகவே நீ சொல்லும் வார்த்தை அது என்பது எனக்குத் தெரியாதா? அதனால்தான் எழுதுகிறேன். எழுதினால் நீ எழுந்து போக முடியாது. உன்னைப் போன்ற பிள்ளைகள் தெருவுக்கு நாலு பேர் இருப்பதால், இதை வேறு யார் படித்தாலும் எனக்கு ஆட்சேபம் இல்லை. பவித்ராவிடமும் கேட்டுவிட்டேன், அவளுக்கும் இல்லை.

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நடந்ததிலிருந்து ஆரம்பிக்கிறேன். நீ ஜெனீவாவுக்கு எடுத்துப் போக வேண்டிய சாமான்களை லிஸ்ட் போட்டுக்கொண்டிருந்தாய். ஆறு மாதம் அங்கே இருந்து, பெண்கள் மீதான வன்முறையைத் தடுக்கும் உலக ஒப்பந்தங்களை எந்தெந்த நாடு எவ்வளவு மதிக்கிறது என்று பார்க்கப் போகிறாய். பெரிய வேலைதான். உன் ஆபீஸில் கேக் வெட்டினார்கள், எனக்கும் ஒரு துண்டு வந்தது. பவித்ரா உன் பக்கத்தில் உட்கார்ந்து ஸ்வெட்டரை மடித்துக்கொண்டே, போவதற்கு முன்னால் அந்தப் பதிவை முடித்துவிடலாமா என்று கேட்டாள். அவள் கேட்பது அது மூன்றாவது தடவை. சண்டைபோடுகிற குரலில் கேட்கவில்லை, மளிகைக் கடைக்குப் போகலாமா என்று கேட்பது போலத்தான் கேட்டாள். நீ லிஸ்ட்டிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னாய்: "ப்ரின்சிபிள்ல நான் ஃபுல் சப்போர்ட் பவி. ஆனா இருக்கற வேலையில இப்ப அது ப்ராக்டிகல் இல்ல."

நான் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தேன். கத்தியைக் கீழே வைத்துவிட்டேன். ஏன் வைத்தேன் என்று நீ கேட்கவில்லை. அந்த வாக்கியத்தை நான் இருபத்தைந்து வருஷத்துக்கு முன்னால் என் கையால் டைப் செய்திருக்கிறேன். கிட்டத்தட்ட அதே வார்த்தைகள். சொன்னது நீ அல்ல, நம் நாடு. அதைப் பிறகு சொல்கிறேன். முதலில், உன்னிடம் இத்தனை வருஷம் சொல்லாமல் வைத்திருந்ததைச் சொல்ல வேண்டும்.

உன் அப்பாவும் நானும் ஒத்துப்போகாமல் பிரிந்துவிட்டோம் என்றுதான் உன்னிடம் சொல்லியிருக்கிறேன். நீயும் படித்த பிள்ளை, நாகரிகமாக அதற்கு மேல் கேட்கவில்லை. எங்கள் கல்யாணம் தொண்ணூற்று மூன்றாம் வருஷம் ஆவணி மாதம், தொம்மலூரில் ஒரு சின்ன மாரியம்மன் கோயிலில் நடந்தது. எண்பது பேர் வந்தார்கள். மஞ்சள் கயிறு, மாலை, வெண்பொங்கல், கேசரி. அடுகோடியில் ஒரு லேத் பட்டறையில் உன் அப்பாவுக்கு வேலை. பார்க்க நன்றாக இருப்பார், நன்றாகப் பேசுவார். உன் மாமா அப்போது அதே பட்டறையில்தான் வேலை செய்தார், அவர் பார்த்து முடித்த சம்பந்தம் அது. பதிவு என்ற பேச்சை யாரும் எடுக்கவில்லை. இதற்கென்று கர்நாடகத்தில் அப்போதே சட்டம் இருந்ததாம். எங்கள் தெருவில் யாருக்கும் அது தெரியாது. தெரிந்திருந்தாலும், பெண் வீட்டுக்காரர்கள் அதைக் கேட்டிருந்தால், மாப்பிள்ளையைச் சந்தேகப்படுகிறாயா என்றுதான் திருப்பிக் கேட்டிருப்பார்கள்.

என் இடது கை மோதிர விரல் முழுதாக மடங்காது, உனக்குத் தெரியும். பஸ் கதவில் நசுங்கியது என்று சொல்லியிருக்கிறேன். பஸ் கதவு இல்லை. உனக்கு மூன்று வயதாகும்போது, வீட்டில் சொல்லாமல் டைப்பிங் ஹையர் பரீட்சைக்குப் பணம் கட்டினேன். ஹால் டிக்கெட் தபாலில் வந்து அவர் கையில் கிடைத்தது. எந்தக் கையால் டைப் அடிப்பாய் என்று கேட்டார். இரண்டு கையாலும்தான் என்று, கேள்வி புரியாமல், நானும் பதில் சொன்னேன். அது முதல் தடவை இல்லை, ஆனால் எலும்பு முறிந்தது அதுதான் முதல் தடவை. கட்டுப் பிரித்த பிறகு நான் அந்தப் பரீட்சையை அடுத்த தவணையில் எழுதினேன். மோதிர விரல் தட்ட வேண்டிய எழுத்துகளை நடுவிரலால் தட்டினேன். பாஸ் செய்தேன். இன்னும் இரண்டு வருஷம் அந்த வீட்டில் இருந்தேன். ஏன் இருந்தாய் என்று நீ கேட்கக் கூடாது; உன் அறிக்கைகளிலேயே அதற்கு இருபது பக்கம் பதில் எழுதியிருக்கிறாய்.

உனக்கு ஐந்து வயதில் உன்னைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தேன். முதலில் போலீஸ் ஸ்டேஷனுக்குத்தான் போனேன். அங்கே இருந்தவர் கெட்டவர் இல்லை, உனக்கு பிஸ்கட் கூடக் கொடுத்தார். என் முகத்தில் இருந்ததைப் பார்த்தார். எழுதப் பேப்பரை எடுத்தார். எடுத்துவிட்டு, "மதுவே ஆகித்தக்கே ப்ரூஃப் ஏனாதரு இதியாம்மா?" என்று கேட்டார். கல்யாணம் ஆனதற்கு அத்தாட்சி ஏதாவது இருக்கிறதா என்று. நான் தாலியைக் காட்டினேன். அவர் தாலியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், இது எல்லாக் கடையிலும் கிடைக்கும் என்று சொல்ல மனம் வராமல் பேனாவை மூடினார். பெரியவர்களை வைத்துப் பேசிப் பாருங்கள், முடியாவிட்டால் கோர்ட்டுக்குப் போங்கள் என்றார்.

போனேன். ஜீவனாம்ச வழக்குப் போட்டேன். அதற்குள் உன் அப்பாவுக்கு வேறு பெண் பார்த்துவிட்டார்கள், சந்தாபுராவில் சொந்த மனை இருந்த குடும்பம். கோர்ட்டில் அவர் பதில் மனு தாக்கல் செய்தார். அடித்தேன், அடிக்கவில்லை என்று அதில் எதுவும் இல்லை. அடித்தது பற்றிய பேச்சே தேவைப்படவில்லை. மனுதாரர் என் சட்டப்படியான மனைவியே அல்ல, சில காலம் என்னோடு வசித்தவர், அவ்வளவுதான் என்று இருந்தது. குழந்தை என்னுடையதுதான் என்று பெருந்தன்மையாக ஒப்புக்கொண்டிருந்தார். அந்த மனுவின் நகலை வாங்கிப் படித்தபோது நீ பக்கத்தில் நின்று தண்ணீர் பாட்டில் மூடியைத் திருகித் திருகி விளையாடிக்கொண்டிருந்தாய்.

என்னிடம் ஒரே ஒரு போட்டோ இருந்தது. ஆல்பம் அவர்கள் வீட்டில் மாட்டிக்கொண்டது. அப்படி ஒரு ஆல்பமே இல்லை என்றார்கள். அந்த ஒரு போட்டோவைப் பார்த்துவிட்டு அவருடைய வக்கீல், கோயில் திருவிழாவில் மாலை போட்டுக்கொண்டு எடுத்த படம் என்றார். பூசாரி இறந்துவிட்டார். மிச்சம் இருந்தது உன் மாமா. என் கூடப் பிறந்த அண்ணன், சம்பந்தம் பேசியவர், மாப்பிள்ளைக்கு மாலை எடுத்துக் கொடுத்தவர். அவர் அப்போதும் அந்தப் பட்டறையில்தான் இருந்தார், அங்கே மேஸ்திரியாக இருந்த உன் பெரியப்பாவுக்குக் கீழே. சாட்சிக் கூண்டில் ஏறி என்னைப் பார்க்காமல் சொன்னார்: "நான் லேட்டா போனேன் சார். சாப்பிட்டு வந்துட்டேன். தாலி கட்டினத நான் பாக்கல." எண்பது பேரில் ஒருவர் கூடப் பார்க்கவில்லை. கேசரி மட்டும் எல்லாரும் சாப்பிட்டிருந்தார்கள்.

அந்த வழக்கு நடந்துகொண்டிருந்த சமயத்தில்தான் நாகராஜப்பாவின் கடையில் எனக்கு வேலை கிடைத்தது. கோர்ட்டுக்கு எதிர்ச் சந்தில் டைப்பிங், ஜெராக்ஸ் கடை. வக்கீல்கள் கையால் எழுதிக் கொடுப்பதைக் கம்ப்யூட்டரில் அடித்துக் கொடுக்க வேண்டும், இங்கிலீஷிலும் கன்னடத்திலும். நாகராஜப்பாவுக்கு என் விரலைப் பற்றித் தெரியும், ஒன்றும் கேட்க மாட்டார். ஒரு நாள் ஷாலினி என்று சட்டம் படிக்கும் பெண் ஒரு கட்டுக் காகிதத்தோடு வந்தாள். அவளுடைய ஆய்வேடு. பெண்களுக்கு எதிரான எல்லா வகைப் பாகுபாட்டையும் ஒழிப்பதற்கான உலக ஒப்பந்தம் பற்றியது. நீ தூக்கத்தில் கூட ஒப்பிக்கும் அதே ஒப்பந்தம்தான். அதை உன்னைவிட முன்னால் படித்தவள் நான், தெரிந்துகொள்.

பின்னிணைப்பில் ஒப்பந்தம் முழுவதும் இருந்தது. அடித்துக்கொண்டே போனேன். எங்காவது வரும், எங்காவது வரும் என்று பார்த்துக்கொண்டே அடித்தேன். கடைசி வரை போய்விட்டு, திரும்ப முதலிலிருந்து தேடினேன். வீட்டில் அடிப்பது பற்றி, கையை முறிப்பது பற்றி ஒரு வரி இல்லை. வன்முறை என்ற வார்த்தையே இல்லை. மறுநாள் ஷாலினி வந்தபோது, ஏதாவது பக்கம் விட்டுப்போய்விட்டதா மேடம் என்று கேட்டேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு உட்கார்ந்து விளக்கினாள். எழுதியபோது அந்த வார்த்தையை விட்டுவிட்டார்கள், பல வருஷம் கழித்து அந்த ஒப்பந்தத்துக்கான குழு, பாகுபாடு என்பதில் வன்முறையும் அடக்கம் என்று சொன்னது என்றாள். அதாவது அடிவாங்கியவர்கள் காத்திருந்து, கத்தி, அதைச் சேர்க்க வைத்திருக்கிறார்கள். எனக்கு அந்த ஒப்பந்தத்தின் மேல் கோபம் வந்தது, கொஞ்சம் மரியாதையும் வந்தது.

ஆனால் என் கை நின்றது அங்கே இல்லை. பதினாறாவது பிரிவு, கல்யாணம் பற்றியது. அதன் கடைசி வரியில், எல்லாக் கல்யாணங்களையும் அரசாங்கப் பதிவேட்டில் கட்டாயமாகப் பதிவு செய்ய வேண்டும் என்று இருந்தது. அடடா, எவனோ எங்கேயோ உட்கார்ந்து என்னை நினைத்து எழுதியிருக்கிறான் என்று தோன்றியது. அடுத்த பக்கத்தில், நம் நாடு இதில் சேரும்போது எழுதிக் கொடுத்த குறிப்பு. கட்டாயப் பதிவு என்ற கொள்கையை முழுமையாக ஆதரிக்கிறோம், ஆனால் பலவித வழக்கங்களும் மதங்களும் எழுத்தறிவு நிலைகளும் உள்ள இந்தியா மாதிரி பரந்த நாட்டில் அது நடைமுறைச் சாத்தியம் அல்ல. தேதியைப் பார்த்தேன். தொண்ணூற்று மூன்று ஜூலை. என் கல்யாணத்துக்கு ஒன்றரை மாதம் முன்னால். மாரியம்மன் கோயிலுக்கு நான் பட்டுப் புடவை எடுத்துக்கொண்டிருந்தபோது, என் கல்யாணத்தைப் பதிவு செய்வது கொஞ்சம் கஷ்டம் என்று நாடு உலகத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டிருந்தது. ஷாலினிக்கு அது அடிக்குறிப்பு. நான் அந்த ஒரு பக்கத்தை அடிக்க முக்கால் மணி நேரம் எடுத்துக்கொண்டேன்.

தீர்ப்பு வந்தது. உனக்கு மாதாமாதம் பணம் தர உத்தரவாயிற்று. எனக்கு இல்லை, நான் மனைவி என்று நிரூபிக்கவில்லை. அதில் அநியாயம் என்று சொல்ல ஒன்றும் இல்லை, அந்த ஜட்ஜ் முன்னால் இருந்த காகிதங்களைத்தான் பார்த்தார். மேல் கோர்ட்டுக்குப் போகச் சொன்னார்கள், நான் போகவில்லை. தாலியைக் கழற்றி டப்பாவில் போட்டுவிட்டு வேலைக்குப் போனேன். நீ பன்னிரண்டு வயதில், ஏன் வீட்டில் கல்யாணப் போட்டோவே இல்லை என்று கேட்டபோது மழைத் தண்ணீர் வந்து நனைந்துவிட்டது என்றேன். உன் அப்பா வேண்டாம் என்று விட்டது கல்யாணத்தை இல்லை, கல்யாணமே நடக்கவில்லை என்று சொன்னார் என்பதைப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு எப்படிச் சொல்வது? பிறகு நீ வளர்ந்தாய், சட்டம் படித்தாய், இதே ஒப்பந்தங்களைத் தலையில் தூக்கிக்கொண்டு ஆடினாய். அப்போதாவது சொல்லியிருக்கலாம். என் கதை உன் அறிக்கையில் 'மனுதாரர் அ' என்று ஒரு கட்டத்துக்குள் வந்துவிடுமோ என்று பயம். அது என் தப்பு. சொல்லியிருந்தால், இந்த எட்டு மாதமும் நாம் சர்வரைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்க மாட்டோம்.

இதைவிடப் பெரிய தப்பு ஒன்று இருக்கிறது. அதை இதுவரை நான் யாரிடமும் சொன்னதில்லை.

என் தீர்ப்பு வந்து ஒரு வருஷம் இருக்கும். ஒரு ஆள் வக்கீலின் கையெழுத்துப் பிரதியோடு கடைக்கு வந்தார். நல்ல சட்டை, சாந்தமான முகம், நாற்காலி கொடுத்தால் 'பரவாயில்லை' என்று நிற்கிற ஆள். அடித்துக் கொடுக்கச் சொன்னார். ஜீவனாம்ச வழக்கு ஒன்றில் பதில் மனு. மனுதாரர் என் சட்டப்படியான மனைவியே அல்ல. அதே வரி. நீ நினைப்பாய், அம்மா காகிதத்தை அவர் முகத்தில் எறிந்திருப்பாள் என்று. இல்லை. அடித்தேன். அது என் வேலை, ஒரு நாளைக்கு அந்த மாதிரி நாலு வரும். அடித்துக்கொண்டே வந்தபோது ஆறாவது பாராவில் வக்கீல் அவசரத்தில் ஒரு இடத்தில் 'என் மனைவி' என்று எழுதியிருந்ததைப் பார்த்தேன். மற்ற எல்லா இடத்திலும் 'மனுதாரர்', அங்கே மட்டும் 'என் மனைவி'. அப்படியே அடித்துக் கொடுத்திருந்தால் போதும். அவர் அதைப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டிருப்பார். அந்தப் பெண்ணின் வக்கீல் அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டிருப்பார். எனக்கு அது தெரியும். என் வழக்கில் அப்படி ஒரு வார்த்தைக்காக நான் எத்தனை தடவை அந்த நகலைப் படித்திருப்பேன்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? தப்பில்லாமல் அடிக்கிறவள் என்று எனக்குப் பேர். நாகராஜப்பா எல்லா வக்கீல்களிடமும் அதைச் சொல்லித்தான் வேலை வாங்குவார். "சார், இங்க ஒரு மிஸ்டேக் இருக்கு பாருங்க" என்று அந்த ஆளைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் குனிந்து பார்த்தார். நன்றி சொன்னார். பேனாவால் அடித்துவிட்டு 'மனுதாரர்' என்று எழுதினார். நான் திருத்தி அச்செடுத்துக் கொடுத்தேன். அவர் சந்தைத் தாண்டிப் போன பிறகுதான் நான் செய்தது எனக்கே உறைத்தது. நாலைந்து மாதம் கழித்து கோர்ட் வராந்தாவில் அவரைப் பார்த்தேன். கொஞ்சம் தள்ளி ஒரு பெண், கையில் பிளாஸ்டிக் கவர், அதற்குள் ஒரே ஒரு போட்டோ தெரிந்தது. நான் ஜெராக்ஸ் கொடுக்கப் போனவள், கொடுக்காமலே திரும்பிவிட்டேன். அவளுடைய வழக்கு என்னவாயிற்று என்று விசாரிக்க எனக்குத் தைரியம் வரவில்லை. இன்றுவரை தெரியாது.

இதை உன்னிடம் ஏன் சொல்கிறேன்? நீ நல்லவன் என்று எனக்குத் தெரியும். நீ பவித்ராவிடம் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. சமைக்கிறாய், துணி துவைக்கிறாய். இதையெல்லாம் சொல்லித்தான் என் வாயை அடைக்கப் பார்க்கிறாய். "என்னை நம்ப மாட்டியாம்மா?" என்று கேட்டாய். நானும் நல்லவள்தான். அன்றைக்கு அந்தக் கடையில் உட்கார்ந்திருந்தது ஒரு நல்ல மனுஷிதான், அடிவாங்கினவள்தான், அந்த வரியின் வலி தெரிந்தவள்தான். அவளுடைய விரல்கள் என்ன செய்தன பார். மனுஷன் நல்லவனாக இருப்பான் என்று நம்பி எழுதுவதில்லை எந்த ஒப்பந்தமும். நல்லவனாக இல்லாமல் போகும் நாளுக்குத்தான் காகிதம். இதை உன் ஆபீஸில் பவர் பாயிண்ட் போட்டு ஊருக்கெல்லாம் சொல்கிறாய். வீட்டுக்கு வந்தால் மட்டும் காதலுக்கு எதற்கு சர்க்கார் முத்திரை என்கிறாய்.

சாப்பிடும்போது ஒரு நாள் நீதான் எனக்குச் சொன்னாய். ஐரோப்பாவில் பெண்கள் மீதான வன்முறைக்கு எதிராக ஒரு ஒப்பந்தம் போட்டார்கள், அதற்குத் துருக்கி நாட்டு நகரம் ஒன்றின் பெயர்தான், முதலில் கையெழுத்துப் போட்ட அந்த நாடே பிறகு வெளியே போய்விட்டது என்று. மேஜையைத் தட்டித் தட்டிக் கோபப்பட்டாய், ரசம் சிந்தியது. அப்போது நான் ரசத்தைத் துடைத்தேன். இப்போது சொல்கிறேன். அவர்கள் கையெழுத்துப் போட்டார்கள், அதனால்தான் வெளியே போனபோது உலகத்துக்கே தெரிந்தது, அவர்கள் ஊர்ப் பெண்கள் தெருவுக்கு வந்து கேட்க முடிந்தது. நீ கையெழுத்தே போடவில்லை. நீ போனால் பவித்ரா எந்தத் தெருவில் போய் எதைக் காட்டிக் கேட்பாள்?

நானூறு பேர் பார்த்தார்கள் என்கிறாய். ட்ரோன் வீடியோ இருக்கிறது என்கிறாய். அந்த வீடியோவை நானும் பார்த்தேன். முதல் வரிசையில், நீ தாலி கட்டும்போது இரண்டு கையாலும் அட்சதை போட்டுக்கொண்டு நிற்பவர் யார் என்று பார். உன் மாமா. நான் அவரோடு பேசுகிறேன், கல்யாணத்துக்குக் கூப்பிட்டேன், காபி கொடுக்கிறேன். அவருக்கும் பிள்ளைகுட்டி இருந்தது, வேலை போயிருந்தால் தெருவில் நின்றிருப்பார். அதை நான் புரிந்துகொண்டேன், மன்னித்தேனா என்று எனக்கே தெரியாது. ஆனால் பார்த்தவர்கள் பார்த்தேன் என்று சொல்வார்கள் என்று மட்டும் என்னிடம் சொல்லாதே.

அதனால் நான் ஒரு காரியம் செய்துவிட்டேன். செவ்வாய்க்கிழமை காலையில் பழைய கடைக்குப் போனேன். நாகராஜப்பாவின் மகள்தான் இப்போது நடத்துகிறாள். ஒரு கம்ப்யூட்டரைக் காலி செய்து கொடு என்றேன். ஸ்டாம்ப் பேப்பரில், அஃபிடவிட்டாக, நானே அடித்தேன். இன்ன தேதியில், இன்ன மண்டபத்தில், என் மகன் பவித்ராவுக்குத் தாலி கட்டியதை என் இரண்டு கண்ணால் பார்த்தேன். சப்தபதி நடந்ததைப் பார்த்தேன். அன்றிலிருந்து அவர்கள் இருவரும் கணவன் மனைவியாக என் வீட்டில் வாழ்கிறார்கள். என் மகனோ, என் குடும்பத்தில் வேறு யாருமோ இதை மறுத்துப் பேசினால் அது பொய். எந்தக் கோர்ட்டில் கூப்பிட்டாலும் வந்து சொல்வேன். நோட்டரி முன்னால் கையெழுத்துப் போட்டேன். நோட்டரி இரண்டு தடவை படித்துவிட்டு, பையனுக்கு எதிராகவா அம்மா என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

அதைப் பவித்ராவிடம் கொடுத்தேன். வேலையிலிருந்து வந்து, லேப் கோட்டைக் கூடக் கழற்றாமல் நின்றுகொண்டே படித்தாள். முடித்ததும் கண்ணைத் துடைத்துக்கொள்வாள் என்று நினைத்தேன். இல்லை. மடித்தாள், கவரில் போட்டாள். "இத நான் வெச்சுக்கறேன் அத்தை. ஆனா அவருக்குத் தெரியாம வெச்சுக்க மாட்டேன். நீங்களே சொல்லிடுங்க" என்றாள். அவளுக்கு உன் மேல் சந்தேகம் இல்லை என்பது எனக்கு அப்போது புரிந்தது. நீ அவள் கேட்டதைக் காதில் வாங்கவில்லை என்பதுதான் அவளுடைய வருத்தம். நான் பயத்தில் கேட்கிறேன். அவள் மரியாதைக்குக் கேட்கிறாள். அந்த வித்தியாசம் எனக்கே செவ்வாய்க்கிழமைதான் தெரிந்தது. பிறகு அவளிடம் என் கதை முழுவதையும் சொன்னேன், விரலையும் சேர்த்து. உனக்கு முன்னால் அவளுக்குச் சொன்னதில் உனக்கு வருத்தம் இருக்கலாம். இருக்கட்டும்.

வியாழக்கிழமை பதினொன்றரை மணிக்கு நாள் வாங்கியிருக்கிறேன். மூன்று சாட்சிகள் வேண்டும். நான் ஒன்று, பவித்ராவின் அம்மா ஒன்று. மூன்றாவதாக உன் மாமாவுக்குப் போன் செய்து வருகிறீர்களா என்று கேட்டேன். பத்தரைக்கே வந்துவிடுகிறேன் என்றார். கல்யாணப் பத்திரிகை, போட்டோ, ஆதார் எல்லாம் நீல ஃபைலில் இருக்கிறது. நீ உன்னை மட்டும் எடுத்துக்கொண்டு வந்தால் போதும். வரவில்லை என்றால் எனக்குக் கோபம் வராது, அதெல்லாம் இந்தக் கடிதத்திலேயே தீர்ந்துவிட்டது. நீ ஜெனீவாவுக்குப் போவாய், நல்ல வேலை செய்வாய், நாடுகளைக் கேள்வி கேட்பாய். அவளும் நானும் இங்கே இருப்போம்.

வந்தால், கையெழுத்துப் போட்டு முத்திரை வாங்கிக்கொண்டு எல்லாருமாக எங்காவது சாப்பிடப் போகலாம். ஆனால் ஒன்று சொல்லிவிடுகிறேன். பதிவு முடிந்துவிட்டதே, இனி எதற்கு என்று, நான் எழுதிக் கொடுத்த அந்தத் தாளை அவளிடமிருந்து திருப்பி வாங்கச் சொல்லாதே. வாங்க மாட்டேன். அது அவளுடையது.

அம்மா